பரிவட்டம் யார் கையால்

பதினோரு நாளைக்குள் ரூபேந்திரனை மூன்று முறை பூசாரியாக நியமித்தார்கள், இரண்டு முறை நீக்கினார்கள். இத்தனைக்கும் அவன் பூசாரி ஆகக் கூடாது என்று சொன்னவர் தோட்டத்தில் ஒருவர்கூட இல்லை.

கோத்தா திங்கியிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் முத்துமாரியம்மன் கோயில் அது. நாற்பது வருஷமாக அங்கே பூசை செய்தவர் வேலு சாமி. வயது எழுபத்தொன்று. முழங்கால் இரண்டும் மடங்க மறுத்துவிட்டன. மாசித் திருவிழாக் கொடி ஏறுவதற்குள் பொறுப்பை ஒப்படைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். யாரிடம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ரூபேந்திரன் சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஒன்பது வருஷம் பெட்டி ஏற்றி இறக்கியவன். விடியுமுன் மோட்டாரில் கிளம்பி, சிங்கப்பூர் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று நின்று, ஒரு நாள் "போதும்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். அதன் பிறகு மூன்று வருஷம் சாமிக்கு உதவியாளாக இருந்தான். அவன் போற்றி சொல்ல ஆரம்பித்தால் இடுப்பில் இருக்கும் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

கோயில் தலைவர் ராஜசேகரனுக்கும் அவனைத்தான் பிடித்திருந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் பதினான்கு ஓடுகின்றன அவருக்கு. கோயிலின் கூரையும் தரையும் குழாய்த் தண்ணீரும் அவர் தயவில் வந்தவைதான். "ரூபனை விட்டா வேற ஆளே கிடையாது" என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆளைப் பற்றிச் சண்டை இல்லை. அவன் தலையில் பரிவட்டம் கட்டிக் கோயில் சாவியைக் கொடுக்கப்போகும் கை யாருடையது என்பதில்தான் சண்டை.

முதல் நியமனம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. வேலு சாமி யாரையும் கூப்பிடவில்லை. பூசை முடிந்ததும் ரூபேந்திரனைக் கருவறை வாசலில் உட்காரவைத்து, அம்மன் பாதத்தில் வைத்த சிவப்புப் பட்டை எடுத்து அவன் தலையில் கட்டினார். சாவிக் கொத்தைக் கையில் வைத்து அழுத்தினார். "இனிமே நீதான்யா" என்றார். ரூபேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தலையிலிருந்த பட்டை அவிழ்க்க மனம் வராமல், அதன் மேலேயே ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு மோட்டார் ஓட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் தலைவர் காதுக்குப் போனது. தே குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "கமிட்டின்னு ஒன்னு இருக்கா இல்லையா? பூசாரிய போடறது கமிட்டி. இவரு யாரு வீட்டுச் சொத்து மாதிரி தூக்கிக் கொடுக்கறதுக்கு?" அன்று மதியமே வெளிக்கதவின் பழைய பூட்டை அறுத்து எறிந்துவிட்டுப் புதுப் பூட்டு போட்டார்கள். தேங்காய் அளவுக்கு இருந்தது அது. மாலைப் பூசைக்கு வந்த ரூபேந்திரன் கையில் சாவிக் கொத்தோடு கதவுக்கு வெளியே நின்றான்.

"கோவிச்சுக்காத தம்பி, உன் மேல எந்தக் குறையும் இல்ல" என்று தலைவர் அவன் தோளில் கை போட்டுச் சொன்னார். "இப்ப உன்னை நீக்கறேன். செவ்வாய்க்கிழமை முறைப்படி போடறேன். ரெண்டு நாள் ரெஸ்ட் எடு."

சொன்னபடியே செவ்வாய்க்கிழமை மேளம், மாலை, கூட்டம் எல்லாம் வந்தன. கோயில் வாசலில் பெரிய பேனர் தொங்கியது. அதில் தலைவரின் படம் கதவுயரத்துக்கு, ரூபேந்திரனின் படம் ஒரு மூலையில் வடை அளவுக்கு. தலைவர் புதுச் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். கையோடு கொண்டுவந்திருந்த நீலப் பட்டைத் தானே அவன் தலையில் கட்டவும் செய்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ரூபேந்திரன் நிமிர்ந்து பார்த்தபோது, கூட்டத்தின் கடைசியில் வேலு சாமி கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

சாமி மெதுவாக முன்னால் வந்தார். கூட்டம் வழி விட்டது.

"லோரி ஓட்டற கையி பரிவட்டம் கட்டுச்சா?" என்றார். குரல் உயரவே இல்லை. "சரி. நல்லா இருங்க. ஆனா ஒன்னு. இந்தக் கமிட்டியில இருக்கிற ஒருத்தர் நெத்தியிலயும், அவங்க வீட்டு ஆளுங்க நெத்தியிலயும் இனிமே என் கையால விபூதி கிடையாது. தீச்சட்டி எடுக்கிறவங்களுக்கு என் கையால காப்பும் கிடையாது. ரூபா, அந்தப் பட்டைத் தலையில வாங்கிட்டல்ல? நீயும் என் ஆளு இல்ல. நான் கட்டுன பரிவட்டம் செல்லாது."

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் மெர்சிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ரூபேந்திரன் வீட்டில் சிவப்புப் பட்டையும் நீலப் பட்டையும் மேசை மேல் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பிரவீனா இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் போதிக்கிறவள். கணவனுக்கு ஆறுதல் சொல்லத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னம்மா, எனக்கு வேலையே போச்சு, நீ சிரிக்கிற?"

"இல்லங்க... இதே சண்டை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல நடந்திருக்கு. அப்படியே இதேதான்! மேற்றிராணியாரா, அதான் பிஷப்பா, ஆகறவருக்கு மோதிரமும் கோலும் கொடுக்கணும். அத ராஜா கொடுக்கறதா, போப்பாண்டவர் கொடுக்கறதா? ராஜா, 'நீ போப்பே இல்ல, இறங்கு'ன்னு சொன்னாரு. போப்பு, 'நீ ராஜாவே இல்ல, சபையிலயும் உனக்கு இடமில்ல'ன்னு தள்ளி வச்சாரு."

"அப்புறம்?"

"ராஜாவோட ஆளுங்களே அவரு பக்கத்துல நிக்கப் பயந்தாங்க. கடைசியில அவரு மலை ஏறிப் போயி, கோட்டை வாசல்ல, பனியில, வெறுங்கால்ல மூணு நாளு நின்னாரு."

"யாரு, ராஜாவா?" ரூபேந்திரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "நம்ம தலைவரு மூணு நிமிஷம் நிக்க மாட்டாரு."

ஆனால் தலைவரின் வீட்டில் அவர் மனைவி செல்வராணி இருந்தார். பத்தொன்பது வருஷமாகத் தீச்சட்டி எடுக்கிறவர். ஒவ்வொரு வருஷமும் வேலு சாமியின் கையால்தான் காப்பு கட்டிக்கொள்வார். வியாழக்கிழமை காலை கமிட்டி ஆட்களின் மனைவிமார் பதினொரு பேர் செல்வராணி வீட்டு வரவேற்பறையில் கூடினார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அன்று மதியம் பதினொரு வீடுகளில் அடுப்பு எரியவில்லை. தலைவர் ஒரு கடையில் நாசி கோரேங் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ரத்த அழுத்த மாத்திரை.

"இங்க பாருங்க," என்று செல்வராணி ஜன்னல் வழியாகச் சொன்னார். "சாமி கையால விபூதி வாங்கி நெத்தியில பூசிட்டு வாங்க. அப்பதான் கதவு தொறப்பேன். ரூபனையும் கூட்டிட்டுப் போங்க, அவன் பாவம்."

வெள்ளிக்கிழமை காலை தலைவரின் பிக்கப் வண்டியை ரூபேந்திரன் ஓட்டினான். மெர்சிங் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. பருவமழை முடிகிற காலம். முடிகிற மழைக்குத்தான் கோபம் அதிகம். சாமியின் மகள் தேன்மொழி, கடற்கரைக்குப் பக்கத்து வீட்டின் கேட்டுக்குள் குடை பிடித்து நின்றாள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலை நடத்துகிற பெண். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்தக்கூடியவள்.

"ரூபன் அண்ணா, நீங்க உள்ள வாங்க. இவரு வெளிய நிக்கட்டும்."

"அம்மாடி, சாமிகிட்ட ரெண்டு வார்த்தை..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"அப்பா இப்ப யாரையும் பாக்கற மாதிரி இல்ல."

தலைவர் செருப்பைக் கழற்றிக் கேட்டருகில் வைத்துவிட்டுக் கை கூப்பிக்கொண்டு நின்றார். பணிவாக இருக்கட்டும் என்றுதான் கழற்றினார். அடுத்த ஐந்து நிமிஷத்தில் சாலையோரம் பெருக்கெடுத்து வந்த தண்ணீர் அந்தச் செருப்பை அள்ளிக்கொண்டு கடலை நோக்கிப் போனது. தலைவர் பத்தடி துரத்தினார். பிறகு திரும்பி வந்து, வெறுங்காலோடு பழைய இடத்தில் நின்றார்.

உள்ளே தேன்மொழி சுடச்சுடத் தோசை வைத்தாள். ரூபேந்திரன் ஒரு துண்டைப் பிய்த்தான்.

"தேனு, சாமிய ஒரு நிமிஷம் பாத்துக்கறேன். மன்னிப்புக் கேட்கணும்."

"எங்க பாப்பீங்க? அப்பா தியோமான் தீவுல இருக்காரு. என் பெரிய மகன் அங்க படகுல வேலை செய்யறான், பாக்கப் போனாரு. கடல் கொந்தளிப்பு, படகு ஓடல."

ரூபேந்திரன் கையில் தோசை நின்றுவிட்டது. "அப்ப தலைவரு மழையில..."

"நான் என்ன பொய்யா சொன்னேன்? யாரையும் பாக்கற மாதிரி இல்லன்னேன். தீவுல இருந்து எப்படிப் பாப்பாரு?" தேன்மொழி தோசையைத் திருப்பிப் போட்டாள். "அண்ணா, நாப்பது வருஷமா எங்கப்பா அந்தக் கோயில் வாசல்ல நின்னாரு. காய்ச்சல்ல நின்னாரு, வெள்ளத்துல நின்னாரு. எங்கம்மா செத்த பதினேழாம் நாளு போயி நின்னாரு. இவரு கொஞ்சம் நிக்கட்டும். நீங்க சொல்லிடாதீங்க. அம்மன் மேல சத்தியம்."

சத்தியம் வாங்கிவிட்டாள். ரூபேந்திரன் ஒரு குவளைத் தேயை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தலைவரிடம் நீட்டினான். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மழைத்தண்ணீர் அவருடைய மீசையிலிருந்து நேராகக் குவளைக்குள் சொட்டியது.

"சாமி என்ன பண்றாரு தம்பி?"

"அமைதியா... இருக்காரு தலைவரே."

"கோவம் கொஞ்சம் குறைஞ்சுதா?"

"தூரத்துல இருந்து பாத்தா ஒன்னும் தெரியல தலைவரே."

மாலையில் விடுதி அறைக்குப் போனதும் ரூபேந்திரன் பிரவீனாவுக்குப் போன் போட்டான். "வெறுங்கால்ல நிக்கிறாரு" என்று மட்டும்தான் சொன்னான். மறுமுனையில் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. பிரவீனா நாற்காலியிலிருந்து விழுந்திருந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அந்த விக்கல் இவனையும் தொற்றிக்கொண்டது. தலையணையை வாயில் அமுக்கிக்கொண்டு குலுங்கினான். பக்கத்து அறையில் தலைவர் தும்முவது கேட்டதும் இன்னும் அதிகமாகச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

சனிக்கிழமையும் அதே கேட், அதே மழை. தேன்மொழி மாடி ஜன்னலிலிருந்து படம் எடுத்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கை கூப்பிய தலைவர், வெறுங்கால், முட்டி வரை சேறு. மதியத்துக்குள் அதைப் பார்க்காத ஆள் இல்லை. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் பேச்சு மாறியது. 'பாவம்லா, அறுபத்திரண்டு வயசு மனுசன்' என்று ஒருவர் எழுதினார். 'சாமிக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகுமா?' என்று இன்னொருவர் கேட்டார். 'மாத்திரை போட்டாரான்னு யாராவது கேளுங்க' என்று செல்வராணியே எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூபேந்திரனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தலைவரின் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. அம்மன் மேல் செய்த சத்தியத்துக்கு அம்மனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, அவர் முன்னால் போய் நின்றான்.

"தலைவரே, என்னை அடிங்க, உதைங்க. சாமி வீட்டுலயே இல்ல. நாலு நாளா தீவுல இருக்காரு. எனக்கு மொத நாளே தெரியும்."

தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும்லா."

"என்ன?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே தெரியும். படகுத்துறையில நைனா முகம்மது பாய் கடையில ரொட்டி சாப்பிட்டேன்ல? 'உங்க சாமிய புதன்கிழமை நான்தான் படகுல ஏத்திவிட்டேன்'னு சொன்னாரு."

"அப்புறம் எதுக்குத் தலைவரே நேத்து முழுக்க நின்னீங்க?"

தலைவர் கூப்பிய கையைப் பிரிக்காமலே மாடி ஜன்னலைக் கண்ணால் காட்டினார். "அந்தப் பொண்ணு நல்லா படம் எடுக்குது தம்பி. புதன்கிழமை சாமி போனதும் ஊரே என்னைத் திட்டுச்சு. இப்ப யாரைத் திட்டுது, பாத்தியா?" பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அது மட்டும் இல்ல. நின்னா நிறைய ஞாபகம் வருது. என் மகளுக்கு டெங்கி வந்து கிடந்தப்ப, இந்த மனுசன் ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நாளு உக்காந்திருந்தாரு. நான் அத மறந்தே போயிட்டேன் பாரு."

ரூபேந்திரன் மழையில் அப்படியே குந்தி உட்கார்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். தலைவரும் சிரித்தார். கேட்டுக்குள் குடையோடு வந்த தேன்மொழிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் "அலமாக்!" என்று தலையில் கை வைத்தாள். "மூணு நாளா நான்தான் ஏமாந்தேனா?" அவளும் சிரித்துவிட்டாள். கேட்டைத் திறந்துவிட்டாள்.

அன்று பத்தரை மணிக்குக் கடல் அடங்கி முதல் படகு வந்தது. தீவுக்கும் அந்தப் படம் போயிருந்தது. வேலு சாமி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகம் வெளுத்திருந்தது, கால் தள்ளாடியது. இறங்கியவர் நேராகப் படகுத்துறையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலில் வாந்தி எடுத்தார். தலைவர் வெறுங்காலோடு ஓடிப்போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"யாருய்யா?" என்றார் சாமி குனிந்தபடியே.

"ராஜசேகரன், சாமி."

"கால்ல செருப்பு எங்க?"

"அடிச்சிட்டுப் போயிடுச்சு சாமி."

சாமி வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தலைவரின் காலை வெகுநேரம் பார்த்தார். இடுப்பு மடியிலிருந்து விபூதிப் பையை எடுத்தார். நனைந்த நெற்றியில் விபூதி ஒட்டாமல் வழுக்கியது. இரண்டு முறை, மூன்று முறை பூசினார். "பெரிய மனுசன் இப்படியா மழையில நிப்பாங்க? பைத்தியம்" என்றார். தலைவர் குழந்தை மாதிரி தேம்பினார். நைனா முகம்மது பாய் கடையிலிருந்தவர்கள் ரொட்டியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று ரூபேந்திரன் நினைத்தான். வண்டி மெர்சிங்கைத் தாண்டவில்லை, சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது. பரிவட்டத்தைச் சாமி கட்டட்டும், சாவியைக் கமிட்டி கொடுக்கட்டும் என்பதில் இருவருக்கும் சம்மதம்தான். ஆனால் எது முதலில்?

"பரிவட்டம்தான் மொதல்ல. அப்பதான் அவன் பூசாரி. பூசாரி கையிலதான் சாவி கொடுக்கணும்."

"சாவி இல்லாம கோயிலுக்குள்ள எப்படிப் போவாரு சாமி? உள்ள போனாத்தானே பரிவட்டம்?"

விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் பின்னிருக்கையில் முப்பது கிலோமீட்டர் பேசினார்கள். பிரவீனா போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்கயும் கடைசியில இப்படித்தான் பிரிச்சாங்க சாமி. சபை மோதிரமும் கோலும் கொடுத்துச்சு, ராஜா செங்கோலால தொட்டாரு" என்றாள்.

"எது மொதல்ல?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ஒரு நாட்டுல செங்கோல் மொதல்ல. இன்னொரு நாட்டுல மத்தது மொதல்ல."

"பாத்தீங்களா!" என்று மறுபடியும் இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

ரூபேந்திரன் வண்டியைச் செம்பனை மரத்தடியில் ஓரம் கட்டினான். இறங்கினான். பின்கதவைத் திறந்தான். இரண்டு பேரிடமும் அவன் அதுவரை குரலை உயர்த்தியதே இல்லை.

"போதும்! பத்து நாளா என் தலை உங்க ரெண்டு பேருக்கும் பட்டு மாட்டற ஆணியாயிடுச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். ஒரு நொடி முன்னப் பின்ன ஆனாலும், நான் இப்படியே நடந்து பாலத்துக்குப் போறேன். சிங்கப்பூருல பெட்டி தூக்கறேன். அங்க யாரு கையால பெட்டி வந்தாலும் யாரும் கேட்க மாட்டாங்க!"

போனுக்குள் பிரவீனா கை தட்டினாள். சாமி தலைவரைப் பார்த்தார். தலைவர் சாமியைப் பார்த்தார்.

"பையனுக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு" என்றார் சாமி.

"நான்தான் மொதல்லயே சொன்னேன்ல, இவனை விட்டா ஆளே இல்லன்னு" என்றார் தலைவர்.

திங்கட்கிழமை காலை கொடியேற்றத்துக்கு முன் கோயிலில் நிற்க இடமில்லை. செல்வராணி நடுவில் நின்று, கையை உயர்த்தி எண்ணினார். "ஒன்னு... ரெண்டு... மூணு!" வேலு சாமி அவசரத்தில் பட்டை இழுத்துக் கட்ட, அது ரூபேந்திரனின் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது. தலைவர் அவசரத்தில் சாவியை நீட்ட, கண் தெரியாத ரூபேந்திரன் வேறு பக்கம் கை நீட்ட, சாவி நடுவில் விழுந்து அபிஷேகப் பால் வாளிக்குள் முங்கியது. "எது மொதல்ல?" என்று யாரோ கேட்டார்கள். "ரெண்டும்! ரெண்டும் ஒன்னாத்தான்!" என்று செல்வராணி அதட்டினார். கோயிலே குலுங்கிச் சிரித்தது. மேளக்காரர் சிரிப்பில் தாளத்தைத் தவறவிட்டு, பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் பிடித்துக்கொண்டார்.

பால் சொட்டுகிற சாவியும் கோணல் பரிவட்டமுமாக ரூபேந்திரன் கருவறைக்குள் நுழைந்தான். கற்பூரத்தை ஏற்றும்போது உள்ளேயிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பூசையில் சிரிக்கலாமா என்று அவனுக்குத் தெரியாது. அம்மன் முகத்தைப் பார்த்தான். சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே ஆராத்தி காட்டினான்.

விபூதித் தட்டோடு வெளியே வந்தபோது வரிசையில் முதலாவதாக வேலு சாமி நின்றார். நாற்பது வருஷம் கழித்து அந்தப் பக்கம் நிற்கிற மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒருமுறை கட்டினார், ஒருமுறை தொங்கவிட்டார், கடைசியில் கூப்பினார். ரூபேந்திரன் விபூதியை எடுத்து அவர் நெற்றியில் பூசினான். அடுத்துக் குதிகாலில் பிளாஸ்டரோடு தலைவர் குனிந்தார். அவருக்கும் பூசினான்.

அவருக்குப் பின்னால் செல்வராணி, மஞ்சள் கட்டிய கயிற்றை வைத்துக்கொண்டு வலக்கையை நீட்டி நின்றார்.

"காப்பு கட்டுங்க சாமி."

ரூபேந்திரன், அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் அம்மனைத் தவிர யாரும் இல்லை.